நமுக்காமல், உடையாமல், பார்க்க லட்சணமாக: தீபாவளிப் பலகாரப் பெட்டி கட்டுவது எப்படி?

பலகாரம் சுடுவதைப் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்லித் தருவார்கள். மாவுப் பதம், பாகுப் பதம், எண்ணெய் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு ஓர் ஆள் இருப்பார். சுட்டதை நாலு வீட்டுக்கு எப்படிக் கொடுத்தனுப்புவது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பண்டிகைக்கு முதல் நாள் ராத்திரி, கையில் கிடைத்த கவரில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ரப்பர் பேண்டு மாட்டி அனுப்பிவிடுகிறோம். அரைக் கிலோ நெய் ஊற்றிக் கிளறிய மைசூர்பாகு, முறுக்குத் தூளும் மிக்சர் வாடையுமாகப் போய்ச் சேருகிறது. அடுப்படியில் நின்ற அத்தனை நேரமும் அந்த ஒரு கவரில் வீணாகிறது. அது எனக்கு ரொம்பவே பொறுக்காத விஷயம்.

முதல் தடவையாகப் பலகாரப் பெட்டி கட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிப்பன், ஜிகினா, வண்ணக் காகிதம் எல்லாம் கடைசிதான். அடுப்படியில் இருந்த மொறுமொறுப்போடு பலகாரம் போய்ச் சேர வேண்டும், ஒரே அளவில் வரிசையாக அடுக்கியிருக்க வேண்டும். இந்த இரண்டும் சரியாக அமைந்தால் பெட்டி தானாகவே அழகாக இருக்கும். இவை இல்லாமல் எவ்வளவு அலங்காரம் செய்தாலும் திறந்ததும் தெரிந்துவிடும்.

பெட்டியை முதலில் வாங்குங்கள், பலகாரத்தை அப்புறம் சுடுங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பலகாரம் எல்லாம் சுட்டு முடித்துவிட்டு, அதற்கு ஏற்ற பெட்டியைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குகிறார்கள். முறுக்கு ஒரு விரல் அகலம் கூடிப்போனால் மூடி மூடாது, குறைந்துபோனால் உள்ளே உருண்டு உடையும். பெட்டி கையில் இருந்தால் அதன் அளவுக்கு முறுக்கைப் பிழிந்துகொள்ளலாம்.

கணக்கு சுலபம்தான். உள்ளளவு 20 சென்டிமீட்டர் இருக்கிற சதுரப் பெட்டி என்றால் 6 சென்டிமீட்டர் அகல முறுக்கு வரிசைக்கு மூன்று, மூன்று வரிசை, ஆக ஓர் அடுக்குக்கு 9 முறுக்கு சரியாக உட்காரும். மீதமுள்ள 2 சென்டிமீட்டர் கவருக்கும் காகிதத்துக்கும் போய்விடும். பட்டர் பேப்பரில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு, தாளைத் திருப்பி, பென்சில் படாத பக்கத்தில் எண்ணெய் தடவி, அடியில் தெரிகிற கோட்டைத் தாண்டாமல் பிழிந்தால் எல்லா முறுக்கும் ஒரே அளவில் வரும். கை பழகிவிட்டால் வட்டமே தேவைப்படாது. தட்டைக்கும் இதே கதைதான். ஒரு டப்பா மூடியால் அழுத்தி வெட்டி எடுங்கள்.

மைசூர்பாகையும் பர்பியையும் கண் பார்வையில் வெட்டாதீர்கள். தட்டில் கொட்டிச் சமன் செய்ததும், சூடு லேசாக இறங்கும்போதே ஸ்கேலை வைத்து நெய் தடவிய கத்தியால் கோடு போடுங்கள். 20 சென்டிமீட்டர் தட்டில் 4 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்றால் 25 துண்டு. முழுக்க ஆறிய பிறகு கத்தி வைத்தால் ஓரம் நொறுங்கும், அப்புறம் எந்தப் பெட்டியும் அதைக் காப்பாற்றாது. ஓரத்துண்டுகள் கோணலாக வந்தால் அவற்றை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதம், அட்டைப் பெட்டி, கவர் எல்லாம் மொத்தமாக வாங்குவதாக இருந்தால், சென்னைக்காரர்களுக்குப் பாரிமுனை இருக்கிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதக் கடைகள் வரிசையாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் பெட்டி, ரிப்பன், ஜரிகைப் பட்டை எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளும் போதும். பேக்கரிச் சாமான் கடையில் கேக் பெட்டி, பட்டர் பேப்பர், லட்டு வைக்கிற சின்னக் காகிதக் கப் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். தீபாவளி நெருங்க நெருங்க நல்ல அளவெல்லாம் தீர்ந்துவிடும் என்பதால் மூன்று வாரம் முன்னாலேயே போய்விடுங்கள்.

பெட்டிக்குள் என்ன வைப்பது

எல்லா வகையிலும் இரண்டிரண்டு வைக்கிற பெட்டியை விட, நாலே வகையை நிறைவாக வைக்கிற பெட்டிதான் எனக்குப் பிடிக்கும். இரண்டு இனிப்பு, இரண்டு காரம், கூடவே ஒரு சின்னப் பாட்டிலில் தீபாவளி லேகியம். எட்டு வகை செய்தாலும் அவர்களுக்குப் பிடித்த நாலை மட்டும் எடுத்து வையுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது எது எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். முறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, சீடை போன்றவை காற்றுப் புகாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரம் நிற்கும். பொட்டுக்கடலை உருண்டையும் பயத்தம் உருண்டையும் இரண்டு வாரம் வரை தாங்கும். நெய் மைசூர்பாகு, அதிரசம் இரண்டுக்கும் ஒரு வாரம், பத்து நாள். பூந்தி லட்டு அதைவிடக் குறைவு. தேங்காய் பர்பியையும் பால் இனிப்புகளையும் நான் வெளியூர்ப் பெட்டியில் வைக்கவே மாட்டேன். அவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, அன்றைக்குச் செய்து அன்றைக்கே கொடுப்பதற்கு.

வாங்குகிறவர் யார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பல் இல்லாத பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்குத் தட்டையும் சீடையும் அனுப்பி என்ன பயன்? அங்கே ஓமப்பொடியும் வாயில் வைத்ததும் கரைகிற மைசூர்பாகும் போகட்டும். சர்க்கரை நோயாளி இருந்தால் காரத்தைக் கூட்டி இனிப்பைக் குறையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆறவைப்பதில் அவசரம் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்

தீபாவளி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்கிற நேரம், காற்றில் ஈரம் அதிகம். கோடையில் நாள் முழுக்கத் திறந்து கிடந்தாலும் ஒன்றும் ஆகாத முறுக்கு, ஐப்பசி மழைக்காற்றில் ராத்திரி திறந்து கிடந்தால் காலையில் நமுத்துவிடும். அதனால் சூட்டோடும் கட்டக்கூடாது, ஆறிய பிறகு திறந்து போட்டும் வைக்கக்கூடாது.

எண்ணெயிலிருந்து எடுத்ததும் முதலில் வடிதட்டில் போடுங்கள். எண்ணெய் வடிந்ததும் டிஷ்யூ அல்லது வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிவிடுங்கள். செய்தித்தாள் வேண்டவே வேண்டாம். அச்சு மை எண்ணெயில் கரைந்து பலகாரத்தில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் சுற்றுவதையும் வைப்பதையும் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பேக்கேஜிங் விதிமுறைகளே தடுத்திருக்கின்றன. டீக்கடையில் வடையைத் தாளில் வைத்துக் கொடுத்துப் பழகிப் போனதால் நமக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

வெளியே தொட்டால் ஆறியிருந்தாலும் தட்டையின் நடுவிலும் அதிரசத்தின் உள்ளேயும் சூடு தங்கியிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஐந்தாறு முறுக்கை ஒரு கண்ணாடிக் கவரில் போட்டு வாயைப் பிடித்து மூடிப் பத்து நிமிஷம் வையுங்கள். கவரின் உள்பக்கம் லேசாக மூடுபனி படர்ந்தால் இன்னும் ஆறவில்லை. அந்தப் பனிதான் நாளைக்கு முறுக்கை நமுக்க வைக்கும் ஈரம். கவர் பளிச்சென்று இருந்தால் கட்டத் தொடங்கலாம்.

ஏற்கெனவே கொஞ்சம் நமுத்துவிட்டது என்றால் மின்சார அவனில் 120 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வைத்து எடுங்கள். அவன் இல்லாதவர்கள் கனமான இரும்புச் சட்டியைக் காயவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே போட்டுப் புரட்டலாம். திரும்பவும் முழுக்க ஆறிய பிறகே கவருக்குள் போக வேண்டும்.

உள்ளே போகிற கவர்தான் உண்மையான காவல்

அழகான அட்டைப் பெட்டியோ ஓலைப்பெட்டியோ காற்றைத் தடுக்காது. அதை நம்பி முறுக்கை நேரடியாக உள்ளே அடுக்கினால் இரண்டே நாளில் நமுத்துவிடும். காரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் சீல் ஆகி, அதற்கப்புறம்தான் பெட்டிக்குள் போக வேண்டும்.

இனிப்பையும் காரத்தையும் ஒரே கவரில் வைக்கக்கூடாது என்பதற்கு வாடை மட்டும் காரணமல்ல. லட்டிலும் அதிரசத்திலும் ஈரப்பதம் இருக்கிறது, முறுக்கில் அநேகமாக இல்லை. மூடிய இடத்தில் இரண்டும் பக்கத்தில் இருந்தால் ஈரம் இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு நகரும். லட்டு காய்ந்து போகும், முறுக்கு நமுத்துப் போகும், இரண்டும் கெடும். பூண்டு போட்ட காராபூந்தி பக்கத்தில் இருந்தால் மைசூர்பாகு அந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், நெய்க்கு அந்தக் குணம் உண்டு.

கவர் வாங்கும்போது உணவுக்கு உகந்தது என்று கேட்டு வாங்குங்கள். தொட்டால் சரசரவென்று சத்தம் போடுகிற, பளபளப்பான பி.பி. (பாலிபுரொப்பிலீன்) கவர் காரங்களுக்கு நன்றாக இருக்கும். நிற்கிற மாதிரி அடிப்பாகம் வைத்த ஜிப் பவுச் இன்னும் வசதி, ஏனென்றால் வாங்கியவர் திறந்து கொஞ்சம் எடுத்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்ளலாம், காலியானதும் கழுவிப் பருப்பு போட்டு வைக்கலாம். நாலைந்து வீட்டுக்குத்தான் கட்டப் போகிறீர்கள் என்றால் ஜிப் பவுச்சே போதும், சீலிங் மிஷின் எல்லாம் வாங்க வேண்டாம்.

சீல் வைக்க மளிகைக் கடைகளில் ஒரு பழைய வழி உண்டு. ஒரு மெழுகுவர்த்தி, ஓர் ஆக்சா பிளேடு (இரும்பு அறுக்கிற ரம்பத் தகடு). கவரின் வாயை பிளேடின் மேல் மடித்து, ஓர் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, அந்த ஓரத்தைச் சுடரின் மேல் நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும். நிறுத்தினால் ஓட்டை விழும், வேகமாக இழுத்தால் ஒட்டாது. நாலு பழைய கவரில் பழகிவிட்டால் கை வந்துவிடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எந்த முறையில் சீல் செய்தாலும் கவரின் வாய் சுத்தமாக இருக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோ முறுக்குத் தூளோ வாயில் ஒட்டியிருந்தால் அந்த இடம் ஒட்டாது, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழுந்துவிடும். அதற்காக, ஒரு கெட்டித் தாளைச் சுருட்டி அகலமான குழாயாகக் கவருக்குள் விட்டு, அதன் வழியாக மிக்சரையும் ஓமப்பொடியையும் போடுங்கள். போட்டு முடித்ததும் குழாயை எடுத்துவிட்டால் வாய் துடைத்தது போல இருக்கும். சீல் வைத்த பிறகு கவரைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல அழுத்திப் பாருங்கள். காற்று கன்னத்தில் பட்டால் இன்னொரு கோடு போடுங்கள்.

முறுக்கு, ரிப்பன் பக்கோடா போன்ற உடைகிற பண்டங்களின் கவரில் கொஞ்சம் காற்று இருக்கட்டும், அது மெத்தை மாதிரி தாங்கும். இனிப்புக் கவரில் காற்றை முடிந்தவரை வெளியேற்றிவிடுங்கள். நெய் சிக்கு வாடை அடிக்கக் காற்றும் வெளிச்சமும் சூடும்தான் காரணம், அதனால் கட்டிய பெட்டியை அடுப்படி மேடையிலோ வெயில் விழும் சன்னலிலோ வைக்காதீர்கள்.

ஸ்டேப்ளர் பின் மட்டும் எந்தக் காரணம் கொண்டும் வேண்டாம். அவசரத்தில் கவரைப் பிய்க்கும்போது பின் மிக்சருக்குள் விழும். அது ஒரு குழந்தையின் வாய்க்குப் போகலாம். ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் போடுவதாக இருந்தால் உணவுக்கென்று விற்கிற பொட்டலத்தையே வாங்குங்கள், செருப்புப் பெட்டியில் வந்ததை எடுத்துப் போடாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதுவும் வேண்டாம், சீல் நன்றாக இருந்தால் அது இல்லாமலே தாங்கும்.

அடுக்குவது

இனி பெட்டி. அடியில் ஒரு பட்டர் பேப்பரை, நாலு பக்கமும் வெளியே தொங்கும்படி பெரிதாக வெட்டி விரியுங்கள். அடுக்கி முடித்ததும் அதையே மேலே மடித்து மூடலாம், எண்ணெய்க் கறை அட்டையில் ஏறாது.

முறுக்கைக் கவரில் கொட்டாதீர்கள். வளையல்காரர் வளையலை அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக நாலைந்து அடுக்கி, குறுகலான கவரில் இறக்கினால் உடையாது, பார்க்கவும் அவ்வளவு நன்றாக இருக்கும். தட்டைக்கும் அப்படியே. அதிரசத்துக்கு நடுநடுவே ஒரு சின்ன பட்டர் பேப்பர் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது தோல் உரியும். லட்டும் உருண்டையும் காகிதக் கப்பில் ஒவ்வொன்றாக. மைசூர்பாகு துண்டுகளின் துளைகள் தெரிகிற வெட்டுமுகம் மேலே பார்க்கும்படி வையுங்கள், அந்தப் பக்கத்தைத்தான் கண் முதலில் பார்க்கும்.

கனமானது அடியில், நொறுங்குவது மேலே. நிறத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். நம் பலகாரம் பெரும்பாலும் பொன்னிறமும் பழுப்பும்தான். மைசூர்பாகு, லட்டு, ஓமப்பொடி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மஞ்சளாகத் தெரியும். நடுவே கருப்பட்டி அதிரசமோ பச்சைக் கறிவேப்பிலையும் முந்திரியும் தெரிகிற மிக்சரோ வந்தால் பெட்டிக்கே களை வந்துவிடும்.

முடித்ததும் மூடியைப் போட்டு, காதுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். கடகடவென்று சத்தம் வந்தால் உள்ளே இடம் இருக்கிறது. கசக்கிய பட்டர் பேப்பரை இடைவெளிகளில் செருகுங்கள். சத்தம் நிற்கும் வரை செருகுங்கள். தெர்மாகோல் உருண்டைகளைப் பலகாரப் பெட்டிக்குள் விடாதீர்கள், கவரெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். பெரிய பெட்டி வாங்கி முக்கால்வாசியைக் காகிதத்தால் நிரப்புவதும் சரியில்லை, திறந்தவருக்கு ஏமாற்றமாக இருக்கும். சின்னப் பெட்டி, நிறைந்த பெட்டி.

வெளித்தோற்றம்

என் முதல் ஓட்டு பனை ஓலைப்பெட்டிக்குத்தான். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் கருப்பட்டியே ஓலைப்பெட்டியில்தான் வரும். காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற ஓலைக்கூடை வண்ணவண்ணமாகக் கிடைக்கும். அந்தப் பின்னலுக்கு மேலே எந்த அலங்காரமும் தேவையில்லை, ஒரு சணல் கயிறு போதும். வாங்கி வந்ததும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து எடுங்கள், மழைக்காலத்தில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். சாயம் போட்ட கொட்டானில் எண்ணெய்ப் பண்டத்தை நேரடியாக வைக்காமல் பட்டர் பேப்பர் விரித்து, சீல் செய்த கவரை உள்ளே வையுங்கள். பண்டிகை முடிந்த பிறகும் அந்தப் பெட்டி யாரோ ஒருவர் வீட்டில் வெங்காயமோ வளையலோ வைக்கப் பயன்படும். அந்த ஓலையைச் சீவி முடைந்தவருக்கும் பண்டிகைக் காசு கொஞ்சம் போய்ச் சேரும், எனக்கு அது முக்கியம்.

நெருங்கிய சொந்தத்துக்கு எவர்சில்வர் சம்படம். மூடி இறுக்கமாக இருந்தால் கவர்கூட வேண்டாம், பட்டர் பேப்பர் விரித்து அப்படியே அடுக்கலாம். பாத்திரக் கடையில் சொன்னால் பெயர் வெட்டித் தருவார்கள். உங்கள் பெயரை அல்ல, வாங்கப் போகிறவர் பெயரை வெட்டச் சொல்லுங்கள். அத்தைக்கு, சித்திக்கு, கல்யாணமாகி முதல் தலைதீபாவளி கொண்டாடுகிற தங்கைக்கு இப்படி ஒன்று கொடுத்தால் பல வருஷத்துக்கு அவர்கள் அடுப்படியில் இருக்கும்.

மிக்சர், ஓமப்பொடி, சின்னச் சீடை போன்றவை கண்ணாடி ஜாடியில் எடுப்பாக இருக்கும். ஜாம், ஊறுகாய் பாட்டில்களே போதும், ஆனால் மூடியில் ஊறுகாய் வாடை நிற்கும் என்பதால் புது மூடி போடுங்கள். கழுவிய ஜாடியைக் கவிழ்த்து வைத்தால் மட்டும் காயாது, வெயிலிலோ சூடான அவனிலோ வைத்து ஈரமே இல்லாமல் ஆக்குங்கள். மூடிக்கு மேலே துணித்தொப்பி போட வேண்டுமா? மூடியின் அகலத்தோடு 6 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 8 சென்டிமீட்டர் மூடிக்கு 14 சென்டிமீட்டர் வட்டத் துணி. முதலில் ரப்பர் பேண்டு போட்டு மடிப்புகளைச் சமமாக இழுத்துவிட்டு, அதை மறைத்துக் கயிறு கட்டுங்கள். பழைய சுங்குடிச் சேலை, கிழிந்த பட்டுப் பாவாடையின் ஜரிகைக் கரை, செட்டிநாட்டுக் கண்டாங்கித் துண்டு என்று வீட்டு அலமாரியிலேயே நிறைய இருக்கும். துவைத்துத் தேய்த்துவிட்டு வெட்டுங்கள்.

சாதாரணப் பழுப்பு அட்டைப் பெட்டியையும் லேசில் தள்ளிவிடாதீர்கள். மூடியின் நடுவில் வெள்ளைப் பெயின்ட்டில் புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போட்டால், கடையில் வாங்குகிற எந்த அச்சடித்த பெட்டியையும் விட அது நன்றாக இருக்கும். வீட்டில் கோலம் போடத் தெரிந்தவர்கள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பெயின்ட்டும் பசையும் ஜிகினாவும் வெளிப்பக்கத்தோடு நிற்கட்டும். ஜிகினாத்தூள் உதிர்கிற தாளை நான் பலகாரத்துக்குப் பக்கத்திலேயே விடமாட்டேன்.

பச்சை வாழை இலையில் கட்டினால் அழகாக இருக்குமே என்று தோன்றும். இனிப்பைக் கட்டி ஒரு மணி நேரத்தில் சாப்பிடுவதென்றால் சரி. பச்சை இலை ஈரம் விடும், மொறுமொறுப்பான எதற்கும் அது ஆகாது. காய்ந்த வாழைச் சருகு கிடைத்தால் துடைத்துப் பெட்டிக்கு அடியில் விரிக்கலாம்.

வெளியே கொண்டுபோகப் பிளாஸ்டிக் பை வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, அதில் கடையில் தருகிற கேரி பேக்குகளும் அடக்கம். அதைவிட, மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தால் இன்னும் நம் ஊர்ப் பண்டிகையாகத் தெரியும். அரசே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கிய பிறகு பல ஊர்களில் சுலபமாகக் கிடைக்கிறது.

ஒரு சின்னச் சீட்டு

அச்சடித்த வாழ்த்து அட்டையை விட, கையால் எழுதிய சீட்டுத்தான் என் சிபாரிசு. வாழ்த்து ஒரு வரி. அதற்குக் கீழே ஒவ்வொரு பலகாரத்தின் பெயர், செய்த தேதி, எதில் செய்தது (நெய்யா, கடலை எண்ணெயா), வேர்க்கடலை, முந்திரி, எள் இருக்கிறதா என்பது. கடைசியாக, எதை முதலில் சாப்பிட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். ‘லட்டை மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள், முறுக்கு மெதுவாகச் சாப்பிடலாம்’ என்று எழுதினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நன்றியோடு நினைப்பார்கள். லேகியப் பாட்டிலில் ‘காலையில் வெறும் வயிற்றில், நெல்லிக்காய் அளவு’ என்று தனியாக ஒட்டுங்கள், இல்லாவிட்டால் இளசுகள் அதைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் அன்பளிப்புக்கு. காசுக்கு விற்கத் தொடங்கினால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும், சீட்டில் என்னென்ன அச்சிட வேண்டும் என்பதற்கும் விதிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்தானே கேட்கிறார் என்று தொடங்குவதற்கு முன்னால் அதை முடித்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

உள்ளூர் என்றால் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கொடுப்பது நல்லது. பண்டிகை அன்று எல்லார் வீட்டிலும் தட்டு நிறைந்திருக்கும், உங்கள் பெட்டி பத்தோடு பதினொன்றாகிவிடும். கூடவே வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம் வைப்பது உங்கள் வழக்கமானால் தனிச் சின்னப் பொட்டலமாக வையுங்கள், குங்குமம் சிந்தினால் பெட்டி முழுக்கப் பாழ். வேற்று மதத்து நண்பர்களுக்கும் பலகாரம் கொடுக்கிறோம், அந்தப் பெட்டியில் பலகாரம் மட்டும் போதும். சம்படமோ தூக்கோ திருப்பித் தர வேண்டியதில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வெறும் பாத்திரமாகத் திருப்பக்கூடாதே என்று அதில் சர்க்கரை போட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வெளியூருக்கு அனுப்புவதற்குப் பலகாரப் பெட்டிக்கு மேலே இன்னொரு கெட்டி அட்டைப் பெட்டி வேண்டும். ஐந்து அடுக்கு அட்டை என்று கேட்டு வாங்குங்கள், மூன்று அடுக்கு அழுத்தம் தாங்காது. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் நாலைந்து சென்டிமீட்டர் இடம் விட்டு, அதைக் குமிழி உறையாலோ (பபிள் ராப்) கசக்கிய தாளாலோ இறுக நிரப்புங்கள். இந்த இடத்தில் செய்தித்தாள் போடலாம், பலகாரத்தில் படப் போவதில்லை. நடுமூட்டில் ஒரு டேப், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று என்று மேலும் கீழும் ஒட்டுங்கள். முகவரியை டேப்புக்கு அடியில் வரும்படி எழுதினால் மழையில் அழியாது.

கூரியரில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வருகிற எண்ணை கிலோவாக எடுத்துக்கொண்டு, அதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு எது கூடுதலோ அதற்குக் காசு கேட்பது பெரும்பாலான இடங்களில் நடைமுறை. 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி என்றால் 27,000 வகுத்தல் 5000, அதாவது 5.4 கிலோவுக்கான கட்டணம். உள்ளே 2 கிலோ பலகாரம்தான் இருந்தாலும் அவ்வளவு கட்ட வேண்டியிருக்கும். பெட்டி சின்னதாக, நிறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லாப் பார்சலும் தாமதமாகும், பத்து நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். வெளிநாட்டுக்கு என்றால் அந்த நாட்டு விதியைப் பார்க்காமல் நெய், பால் பண்டங்களை வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவுக்குக் கையில் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் உணவுப் பொருள் இருப்பதை எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. கட்டுகிற அன்று, அதே பலகாரம், அதே கவர், அதே சீல் வைத்து ஒரு பொட்டலத்தைத் தனியாக வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பார்சல் போய்ச் சேர்ந்தது என்று போன் வருகிற அன்று அதைப் பிரித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறுவென்று இருந்தால் கவரும் சீலும் சரி. நமுத்திருந்தால் எந்த இடத்தில் காற்று போயிருக்கிறது என்று அந்தக் கவரிலேயே தேடலாம், அடுத்து கட்டும்போது கவரை மாற்றுவதா, இரண்டு கோடு சீல் போடுவதா, இன்னும் கொஞ்ச நேரம் ஆறவிடுவதா என்று தெரிந்துவிடும்.